ஊசிப்பாறையின் சிவப்புக் கோடு

சண்முகவடிவுக்கு அந்த வருஷம் எதைப் பார்த்தாலும் அலுப்பாக இருந்தது. பார்ப்பதே பிழைப்பாகிப் போனவளுக்கு இது கொஞ்சம் அதிகப்படியான கஷ்டம்தான். பாளையங்கோட்டையில் காட்சி ஆயத்தின் மாவட்டக் கிளையில் அவள் மூத்த ஆய்வாளர். விபத்துப் படம், வரப்புத் தகராறுப் படம், யாரோ யாரோடோ நின்ற கல்யாணப் படம் என்று எது வந்தாலும் கடைசியில் ‘உண்மை’ அல்லது ‘போலி’ என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வார்த்தையை நம்பி வழக்குகள் முடிந்தன, குடும்பங்கள் பிரிந்தன, சில ஒட்டவும் செய்தன. அவள் மட்டும் சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்குப் போய் ரசம் வைத்தாள்.

ஐப்பசி பிறக்கப் போகிற சமயத்தில் ஒரு மலை வந்து அவள் மேசையில் உட்கார்ந்தது.

படத்தை எடுத்தவர் கோவில்பட்டி பீர்முகம்மது. ஒரு காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். எல்லார் போனிலும் நிரப்பி வந்த பிறகு ஸ்டுடியோவுக்கு ஆள் வருவது நின்றுபோனது. நிரப்பி என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கேமரா பாதியைத்தான் எடுக்கும். தூரமோ இருட்டோ மூட்டமோ மறைத்த மீதியை, தான் முன்பே பார்த்து வைத்திருப்பதிலிருந்து நிரப்பிவிடும். மழையில் எடுத்தாலும் கோபுரம் பளிச்சென்று வரும், கை ஆடினாலும் மாப்பிள்ளை முகம் கலையாது. யாருக்கும் குறையில்லை. பீர்முகம்மதுவும் இன்னும் கொஞ்சம் பேரும் மட்டும் நிரப்பி இல்லாத பழைய கேமராக்களையும் கை நீள லென்ஸ்களையும் தூக்கிக்கொண்டு மேடு மேடாக அலைந்தார்கள். தூரம் பிடிக்கிறவர்கள் என்று அவர்களுக்குள் பெயர். எங்கிருந்து எவ்வளவு தூரத்து மலையைப் பிடித்தோம் என்பதில் அவர்களுக்குள் பெரிய போட்டி. வேறு வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று அவரவர் வீட்டில் பெயர்.

புரட்டாசியில் ஒருநாள் நல்ல மழை பெய்து ஓய்ந்த விடியற்காலையில், பீர்முகம்மது குருமலை உச்சியில் நின்று மேற்கே எண்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஊசிப்பாறையைப் பிடித்தார். இதுவரை யாரும் அங்கிருந்து அதைப் பிடித்ததில்லை. சந்தோஷத்தில் அன்றைக்கே தன் கூட்டத்துக்கு அனுப்பினார். பாராட்டுவதற்குப் பதில் கூட்டம் அவர் மேல் பாய்ந்தது. நடுவில் வாகைமலை மறைக்குமே, எப்படித் தெரிந்தது என்று ஒருவர். பூமி உருண்டை என்பது அண்ணாச்சிக்கு மறந்துபோச்சா என்று இன்னொருவர். இரண்டு படத்தை ஒட்டியிருக்கிறார் என்று மூன்றாமவர். சண்டை ஒரு வாரம் நடந்தது. அதற்கிடையில் யாரோ ஒரு பெண் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். ஊசிப்பாறைக்குக் கீழே சரிவில் சிவப்பாக ஒரு கோடு இருக்கிறதே, அது என்ன?

அதோடு விளையாட்டு முடிந்தது. அந்தச் சரிவுக்கு நேர் கீழேதான் மஞ்சணத்திக்காடு இருந்தது. எஸ்டேட் மூடிய பிறகும் போக்கிடம் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் நூற்றுக்கும் மேல். சிவப்பு என்றால் மண் பிளந்திருக்கிறது. வெடிப்பு என்றால் மழைக்குத் தாங்காது. ஊர்க்காரர்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு வந்து மனு கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதிகாரிகள் டிரோன் விட்டார்கள்; சரிவு பச்சைப் பசேலென்று வந்தது. வனத்துறை ஆட்கள் அட்டைக்கடியோடு ஏறிப் போனார்கள். தலைக்கு மேல் மரமும் மேகமும் தவிர ஒன்றும் தெரியவில்லை. கிழக்கே வெகுதூரத்திலிருந்து பார்த்தால்தான் தெரிகிற இடம் அது. ஆகவே படம் உண்மையா போலியா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லச் சொல்லி ஆயத்துக்கு அனுப்பினார்கள். உண்மை என்றால் ஊரைக் காலி செய்ய வேண்டும். போலி என்றால் பீதி கிளப்பிய குற்றத்துக்காக பீர்முகம்மதுவின் கேமராவும் போகும், அவரும் உள்ளே போவார்.

இதை ஆராய அவளோடு போடப்பட்டவன் எட்வின். முப்பது வயது, கணக்கில் புலி, கொஞ்சம் அவசரக்காரன். அலுவலக இயந்திரத்தில் படத்தை ஏற்றி ஒப்புப்படத்தோடு ஒத்துப் பார்த்தான். ஒப்புப்படம் என்பது நாட்டில் இருக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் ஆயம் சேர்த்து வைத்திருக்கும் அசல் தோற்றம். சரிவு ஒத்துவரவில்லை. போலி என்றது இயந்திரம்.

“வாகைமலை மறைக்காதா?” என்று கேட்டாள் சண்முகவடிவு. ஆயத்துக்கு வந்த கோப்பில் இருந்த கேள்வி அது. கேட்டே ஆக வேண்டும்.

“மறைக்கணும்க்கா. ஆனா மழை பெஞ்சு தரை குளுந்து கிடக்கும்போது வெளிச்சம் நேரா வராது. கீழ வளைஞ்சு வரும். மலை கொஞ்சம் எழும்பினாப்புல தெரியும். ராத்திரியே கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். அன்னைக்கு இருந்த குளுருக்கு ஊசிப்பாறை தெரிஞ்சிருக்கும். அந்த மட்டுக்கும் அவரு சொல்லுதது சரிதான்.”

“அப்ப கோடு?”

“கோட்டுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. இத்தன டிரோன் பொய்யா சொல்லும்? லென்ஸ்ல அழுக்கு இருந்திருக்கும். இல்ல, பேரு வரணும்னு அவரே இழுத்து விட்டிருப்பாரு.”

பீர்முகம்மது விசாரணைக்கு வந்தபோது சட்டையை இஸ்திரி போட்டு, அத்தர் பூசி, சம்பந்தி வீட்டுக்கு வருகிறவர் போல வந்தார். பேசப் பேச அந்த மிடுக்கு கரைந்தது. கோட்டை அவர் பார்க்கவே இல்லையாம். “தூரத்த மட்டுந்தாம்மா பாத்தேன். கிடைச்சுட்டுங்கிற சந்தோசத்துல மலையவே ஒழுங்கா பாக்கல,” என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. பிறகு, ஆய விதியில் நேர்ப்பார்வை என்று ஒன்று இருக்கிறதே, தகராறுள்ள படத்துக்கு ஆய்வாளரே அதே இடத்தில் அதே வேளையில் வந்து நின்று பார்க்க வேண்டுமே, அதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

எட்வினுக்குச் சிரிப்பு வந்தது. நேர்ப்பார்வைக்கு யாரும் போய் வருஷக்கணக்காகிவிட்டது. தவிர, எட்வினின் கண் அதற்குச் செல்லாது. வெறுங்கண் களைக்கும், ஊகிக்கும், பயப்படும் என்று விதி எழுதியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். சான்றுபெற்ற லென்ஸ் பொருத்திய கண்தான் சாட்சி. மாவட்டத்தில் அப்படிப்பட்ட கண் உள்ளவள் சண்முகவடிவு ஒருத்திதான். ஐந்து வருஷத்துக்கு முன் அவளுக்குக் கண்புரை வந்தபோது ஆயமே முன்வந்து பொருத்திவிட்டது. தெளிவைக் கூட்டுகிற லென்ஸ் என்று சொன்னார்கள். திங்கள்தோறும் அலுவலகத்தில் ஒரு கருவியின் முன் முகவாயை வைத்து உட்கார்ந்தால் லென்ஸ் புதுப்பித்துக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரம்தான் வாரத்தில் அவளுக்குக் கிடைக்கிற ஓய்வு.

வருகிறேன் என்று சொன்னாள். கருணையெல்லாம் இல்லை. மறுத்தால் அதற்குக் காரணம் எழுத வேண்டும். மலை ஏறுவது அதைவிடச் சுலபமாகத் தோன்றியது.

கிளம்புகிற அன்றைக்கு வீட்டில் அவள் புருஷன் சங்கரபாண்டியன் முன்கூட்டியே எழுந்து காப்பி போட்டுக் கொடுத்தார். போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச நாளாக அசதி அசதி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டதைக் காட்டி, “கால்சட்ட நிக்க மாட்டேங்கு வடிவு,” என்றார்.

“எப்பவும் போலத்தான இருக்கிய. ஆளு அப்படியே இருக்கு,” என்றாள் அவள். உண்மையாகவே அப்படித்தான் இருந்தார். கன்னம் உப்பி, மீசை கறுத்து, டிக்கெட் கிழிக்கிற தோரணை மாறாமல்.

“நீ ஒருத்திதான் இப்படிச் சொல்லுத,” என்று சிரித்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனார். எதிர்வீட்டு ஜெபக்கனி கூட, அண்ணாச்சி என்ன இப்படி இளைச்சுட்டாவ என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். ஜெபக்கனி பேச்சுக்குப் பேச்சு பெருக்கிச் சொல்கிறவள் என்று சண்முகவடிவு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குருமலை உச்சியை அடைவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. முந்தின நாள் மழை பெய்திருந்ததால் காற்று கழுவிவிட்டது போல இருந்தது. பீர்முகம்மது தன் பழைய பைனாகுலரை ஸ்டாண்டில் பூட்டி மேற்கே திருப்பி வைத்தார். “வெறும் கண்ணாடிம்மா. உள்ள ஒண்ணும் கிடையாது,” என்று உறுதி சொன்னார். வெளிச்சம் வந்து மூட்டம் எழும்புவதற்குள் கொஞ்ச நேரம்தான் மலை தெரியும் என்று எச்சரித்தார்.

சண்முகவடிவு குனிந்து பார்த்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வானத்தின் அடியில் ஒரு மங்கல் கெட்டிப்பட்டது, கூர் விட்டது, ஊசிப்பாறையாக நின்றது. அழகாகத்தான் இருந்தது. அவ்வளவு தூரத்தை அவள் கடைசியாக எப்போது பார்த்தாள் என்றே நினைவில்லை.  பிறகு சரிவைத் தேடினாள். பாறைக்குக் கீழே பச்சை. சோலை மடிப்பு மடிப்பாக இறங்கியது. ஒரு கீறல் இல்லை, சிவப்பு இல்லை.

நிமிர்ந்து பீர்முகம்மதுவின் முகத்தைப் பார்த்தாள். அவர் கேட்காமலே புரிந்துகொண்டார். அவருடைய தோள்கள் இறங்குவது தெரிந்தது. எண்பது கிலோமீட்டர் தள்ளி யார் வீட்டிலோ அடுப்பு புகைந்துகொண்டிருக்கும். அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. இவருக்குத்தான் ஆகப் போகிறது. இவ்வளவுதான் விஷயம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுக்க வேண்டும் என்று நினைத்தாள்.

“எல்லாம் தெளிவாத் தெரியுது எட்வின்,” என்றாள், அறிக்கைக்குச் சொல்வது போல. “பாறை, சோலை, மேல வயர்லெஸ் டவரு எல்லாம். கோடு இல்ல.”

எட்வின் எழுதிக்கொண்டு வந்தவன் நிறுத்தினான்.

“எந்த டவருக்கா?”

“பாறைக்கு வலது பக்கம் நிக்கே. வெள்ளையும் சிவப்புமா.”

“அது ஆடிக் காத்துல விழுந்துட்டுல்லா. நீங்கதான அந்தக் கேஸுக்குச் சான்று குடுத்திய?”

ஆமாம், அவள்தான் கொடுத்தாள். முறுக்கிக் கிடந்த இரும்பை அருகில் நின்று எடுத்த படம். காப்பீட்டு வழக்கு. உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது இவளுடைய இதே கை. சண்முகவடிவு மறுபடி குனிந்தாள். டவர் நின்றது. வெள்ளைப் பட்டை, சிவப்புப் பட்டை, உச்சியில் சின்ன விளக்கு கூட. விழுந்து மூன்று மாதமாகிவிட்ட ஒன்று, அவளுக்காக அங்கே எழுந்து நின்றது.

நிமிர்ந்து தன் இமையைத் தொட்டுப் பார்த்தாள். பைனாகுலரில் ஒன்றும் இல்லை என்று பீர்முகம்மது சொன்னது சரிதான். நிரப்பி அதில் இல்லை. இவளுக்குள் இருந்தது. திங்கள்தோறும் முகவாயை வைத்து உட்கார்ந்தாளே, அப்போதெல்லாம் அந்த ஒப்புப்படங்களைத்தான் கண்ணுக்குள் ஊற்றியிருக்கிறார்கள். ஒப்புப்படத்தைச் சரிபார்க்க அனுப்பிய கண்ணும் ஒப்புப்படத்தையே பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

எட்வினைப் பார்க்கச் சொன்னாள். அவன் நெடுநேரம் பார்த்தான். அதற்குள் மூட்டம் எழும்பிவிட்டது. “டவரு இல்லக்கா. அது நிச்சயம்,” என்றான். “கீழ என்னமோ செம்மண் கணக்கா இருந்துச்சு. இருந்த மாதிரி இருந்துச்சு. சத்தியம் பண்ணச் சொன்னா பண்ண மாட்டேன்.” அவன் குரலில் இருந்த அவசரமெல்லாம் போயிருந்தது. பிறகு மெதுவாக, என் கண்ணு செல்லாதுல்லா என்றான்.

 மலையிறங்கி ஜீப்பில் உட்கார்ந்த பிறகு எட்வின் ஆரம்பித்தான். லென்ஸ் விஷயத்தை எழுதினால் அவளுடைய ஐந்து வருஷத் தீர்ப்புகள் அத்தனையும் செல்லாமல் போகும். ஆயம் அவளைத்தான் குற்றம் சொல்லும். ஓய்வுக்கு முன்னால் இது தேவையா, சந்தேகத்துக்கு இடமுண்டு என்று பொதுவாக எழுதி மேலிடத்துக்குத் தள்ளிவிடலாமே என்றான். அவள்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான்.

“மேலிடத்துல யாரு பாக்கப் போறா? அவங்க கண்ணும் இதே கண்ணுதான,” என்றாள் சண்முகவடிவு. “மழை அதுவரைக்கும் காத்துக்கிட்டிருக்குமா எட்வின்?”

 ஐந்து வருஷத்தில் போலி என்று எழுதி அனுப்பியவர்களின் முகங்களை நினைவுக்குக் கொண்டுவர அவள் முயன்றாள். எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தார்கள். களைப்பு மேல் களைப்பாக வந்தது. ஆனாலும் அன்று மத்தியானமே எழுதினாள். படம் உண்மை. நேர்ப்பார்வையில் கோடு தெரியவில்லை. பார்த்த கண் போலி. அதற்கு ஆதாரம் டவர். கீழே கையெழுத்துப் போட்டாள்.

மஞ்சணத்திக்காட்டுக்காரர்களை அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். மனு கொடுத்தவர்களே இப்போது திட்டினார்கள். ஆட்டை விட்டு வந்தோம், அடுப்பை விட்டு வந்தோம், மலை அப்படியே பச்சையாகத்தானே இருக்கிறது என்று ஆளாளுக்குப் போனை உயர்த்திப் படம் எடுத்துக் காட்டினார்கள். ஆயம் சண்முகவடிவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தது. லென்ஸில் குறை ஒன்றும் இல்லை என்றும், ஆய்வாளர் களைப்பில் தவறாகப் பார்த்திருக்கலாம் என்றும் அறிக்கை விட்டது. களைப்பு என்றது மட்டும் சரி.

லென்ஸுக்குள் இருந்து நிரப்புகிற சிப்பை அணைத்துவிடலாம் என்றும், அணைத்தால் மறுபடி எரியவைக்க முடியாது, ஆய்வாளர் பதவிக்கு அந்தக் கண் பிறகு ஆகாது என்றும் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் நாள் குறித்துக்கொண்டாள். அன்றைக்கு அடைமழை. சங்கரபாண்டியன் குடையோடு கூடவே வந்தார். வேண்டாம், வீட்டில் படுங்கள் என்றாலும் கேட்கவில்லை. உள்ளே கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது பீர்முகம்மது போன் செய்தார். இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசினார். விடியற்காலை சரிவு இறங்கிவிட்டது. மஞ்சணத்திக்காடு மண்ணுக்குள் போய்விட்டது. ஆள் ஒருத்தருக்கும் ஒன்றும் இல்லை.

“ஒரு கூத்தக் கேளுங்கம்மா,” என்றார் கடைசியாக. அழுகிறாரா என்று தெரியவில்லை. “போன்ல படம் எடுத்தா வீடெல்லாம் அப்படியே நிக்கி. சனம் மண்ணப் பாக்கி, போனப் பாக்கி, பிரமை புடிச்சாப்புல நிக்காங்க.”

அவள் கணவரிடம் சொன்னாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். பையை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். வேலையை முடித்துவிட்டு, இனிமேல் தூரம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும் என்றாள். மலை எனக்கு வேண்டாம்மா, பார்த்தாச்சு என்றாள் சண்முகவடிவு. எழுந்தவள் நின்று, தூரத்தை மட்டும்தான் அது நிரப்பிக்கொண்டிருந்ததா என்று கேட்டாள்.

“தூரம்னு இல்லங்க அம்மா. தினமும் பாக்குறதத் திரும்பத் திரும்பப் பாத்து நேரத்த வீணாக்காது. பழகினதை முன்னாடி பதிஞ்சபடியே காட்டிரும். எவ்வளவு பழக்கமோ அவ்வளவு குறைச்சலாத்தான் பாக்கும்.”

வெளியே கூடத்தில் கூட்டம் குறைந்திருந்தது. சண்முகவடிவு கண்ணைச் சுருக்கிக்கொண்டு கணவரைத் தேடினாள். வாசல் பக்கம் பார்த்தாள், மருந்துக் கடைப் பக்கம் பார்த்தாள். காப்பி குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்தாள். சுவரோரப் பெஞ்சில் யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கன்னம் குழிந்து, கழுத்தெலும்பு துருத்தி, சட்டைக்குள் ஆளே இல்லாதது போல இருந்தார். பெரிய நோய்க்காரர் போல, பாவம், கூட யாரும் வரவில்லையோ என்று அவளுக்கு இரக்கமாக இருந்தது.

அவர் மடியில் அவளுடைய பை இருந்தது.

“முடிஞ்சுதா வடிவு?” என்று அந்த மனிதர் எழுந்திருக்க முயன்றார். “இப்ப நல்லாத் தெரியுதா?”